லோஷன் தோலைக் காக்கிறதா, பளபளக்க மட்டும் செய்கிறதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்து, "நல்லா இருக்கே" என்று வாங்கிவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் தெரிவது வழவழப்பும் வாசனையும்தான். லோஷனில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால், தடவிய அரை மணி நேரம் வரை எந்த லோஷனும் தோலை நன்றாகத்தான் காட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இரவு தடவியது காலையில் ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறதா? சோப்பு பட்டால் தோல் தாங்குகிறதா? தடவுவதை நிறுத்தினால் எத்தனை நாளில் பழைய சொரசொரப்பு திரும்புகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு கால்களும் ஓர் அட்டையும் ஒரு நோட்டும் ஐந்தாறு வாரப் பொறுமையும் போதும்.

இது வளர்ந்தவர்கள் தங்கள் சொந்தத் தோலில் செய்துபார்க்கும் சோதனை. குழந்தைகள் மேல் வேண்டாம். எக்சிமா, சொரியாசிஸ், ஆறாத புண், காலில் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

முதலில் கொஞ்சம் தோலைப் பற்றி

வறட்சி எல்லாம் தோலின் ஆக மேலே உள்ள அடுக்கில் நடக்கும் விவகாரம். அந்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் அதிகம். இறந்த செல்கள் செங்கல்லாகவும், செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை இடையில் பூசிய சாந்தாகவும் அமைந்த சுவர் அது. சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெளியேறும், வெளியிலிருக்கும் சோப்பும் அழுக்கும் உள்ளே போகும். வறட்சியும் எரிச்சலும் சேர்ந்தே வருவதற்கு இதுதான் காரணம்.

1952இல் அமெரிக்காவைச் சேர்ந்த இர்வின் பிளாங்க் ஒரு எளிய சோதனை செய்தார். காய்ந்து மொடமொடவென்றிருந்த தோல்காய்ப்புத் துண்டுகளை எண்ணெயில் ஊறவைத்தார், அவை இளகவில்லை. தண்ணீர் ஏறியதும் வளைந்துகொடுத்தன. தோலை மிருதுவாக்குவது நீர்தான், அந்த நீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது எண்ணெயின் வேலை என்பது அதிலிருந்து தெளிவானது. குளித்துத் துடைத்த உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே தடவச் சொல்வதும் இதனால்தான். குதிகாலில் சீவி எடுத்த காய்ப்பை வைத்து இதை நீங்களும் செய்து பார்க்கலாம். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பாடம் மறக்காது.

லோஷனில் இருப்பவற்றைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள். கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடிப்பவை. பெட்ரோலியம் ஜெல்லி, லானோலின், டைமெத்திகோன் போன்றவை மேலே படலம் போட்டு நீரிழப்பைத் தடுப்பவை. மூன்றாவது வகை, செல்களின் இடைவெளியை நிரப்பி வழவழப்புத் தரும் கொழுப்புகள். கடையில் நாம் விரலால் உணர்வது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையைத்தான்.

படி 1: ஒத்துக்கொள்கிறதா?

எவ்வளவு நன்றாகக் காக்கிறது என்று பார்ப்பதற்கு முன், கெடுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். முழங்கையின் உள்மடிப்புக்குச் சற்றுக் கீழே ஐந்து செ.மீ. சதுரம் அளவுக்கு, காலை மாலை இருவேளை, ஒரு வாரம் தொடர்ந்து தடவுங்கள். தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பத் தடவிப் பார்க்கும் முறை என்று இதையேதான் செய்வார்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் வரை நீட்டுவார்கள். ஒருநாள் தடவிப் பார்த்து "ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடுவது போதாது. நேரடி எரிச்சல் சில நிமிடங்களிலோ மணிகளிலோ தெரிந்துவிடும். ஒவ்வாமை அப்படியல்ல, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் சின்னச் சின்னப் பருக்களுமாக வெளிவரும்.

அப்படி வந்தால் அந்த லோஷனின் கதை அத்தோடு முடிந்தது. பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், உட்பொருள் பட்டியலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகப் பட்டியலில் முதலில் வருவது வாசனைப் பொருட்கள். அடுத்து பதப்படுத்தும் பொருட்கள். மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற ஒன்று எவ்வளவு பேருக்கு ஒவ்வாமை தந்தது என்றால், கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் அதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. "இயற்கையானது" என்ற சீட்டு இந்த விஷயத்தில் காப்பாற்றாது. லானோலின் ஆட்டு ரோமத்திலிருந்து வருவதுதான், அதற்கும் ஒவ்வாமை உண்டு.

படி 2: கட்டங்கள் போடுவது

சோதனைக்கு ஏற்ற இடம் கணுக்காலுக்கு மேலே உள்ள முன்னங்கால். பெரும்பாலோருக்கு உடம்பில் முதலில் வறளும் இடங்களில் அது ஒன்று. முழங்கையின் உள்பக்கம் சென்னை போன்ற ஊர்களில் அநேகமாக வறளவே வறளாது. வறளாத தோலில் எந்த லோஷனும் நூற்றுக்கு நூறு வாங்கும்.

ஓர் அட்டையில் ஐந்து செ.மீ.க்கு ஐந்து செ.மீ. ஜன்னல் வெட்டுங்கள். ஒவ்வொரு காலிலும் மேலிருந்து கீழாக மூன்று கட்டங்கள், நடுவில் மூன்று செ.மீ. இடைவெளி. இடைவெளி குறைந்தால் ஒரு லோஷன் பக்கத்துக் கட்டத்துக்கு வழிந்துவிடும். மூலைகளில் பால்பாயிண்ட் பேனாவால் புள்ளி வைத்து, அழியும்போதெல்லாம் புதுப்பியுங்கள். நிறைய நாள் நிற்கட்டும் என்று மருதாணிக் கோனை எடுக்காதீர்கள். கடைக் கோனில் என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, அதுவே எரிச்சல் தந்தால் சோதனை குழம்பிவிடும்.

இரண்டு லோஷன்களுக்கு "அ", "ஆ" என்று பெயர் வையுங்கள். இடக்காலில் மேலிருந்து அ, ஆ, வெறும் தோல். வலக்காலில் வெறும் தோல், அ, ஆ. வரிசையை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. முழங்காலுக்குப் பக்கத்துத் தோலும் கணுக்காலுக்குப் பக்கத்துத் தோலும் ஒரே அளவு வறட்சி காட்டாது.

எதுவும் தடவாத அந்த வெறும் கட்டத்தைத்தான் புதியவர்கள் முதலில் விட்டுவிடுவார்கள். ஒரு இடம் வீணாகிறதே என்று தோன்றும். என்னைக் கேட்டால் லோஷன் ஒன்றைக் குறைத்தாலும் பரவாயில்லை, வெறும் கட்டத்தைக் குறைக்கக் கூடாது. மழை வந்து காற்றில் ஈரம் ஏறினால் தோல் தானாகவே தேறும். பாராட்டு லோஷனுக்குப் போய்விடும். மார்கழிப் பனியில் நேர்மாறாக நடக்கும்: நல்ல லோஷனும் தோற்றதுபோலத் தெரியும். பக்கத்தில் வெறும் தோல் இருந்தால்தான் வானிலையின் பங்கு எவ்வளவு, லோஷனின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியும். "24 மணி நேர ஈரப்பதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தாலும் எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். தடவாத தோலோடு ஒப்பிட்டதா, வேறொரு லோஷனோடு ஒப்பிட்டதா என்பது பெட்டியில் பெரும்பாலும் இருக்காது.

முடிந்தால் வீட்டில் வேறொருவரிடம் சொல்லி, இரண்டையும் ஒரே மாதிரிக் குப்பிகளில் ஊற்றி, எது அ, எது ஆ என்பதை உங்களுக்குச் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி மடித்து வைக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்தது எது என்று தெரிந்துவிட்டால் கண்ணும் விரலும் அதற்குச் சாதகமாகவே தீர்ப்புச் சொல்லும். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மைதான், அதற்கு வீட்டில் தீர்வு இல்லை.

ஓர் உபாயம்: "ஆ"வின் இடத்தில் சாதாரண வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை வைத்துப் பாருங்கள். நீரிழப்பைத் தடுப்பதில் அதை மிஞ்சுவது கடினம், விலையும் குறைவு. புதிய லோஷன் அதற்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்பது ஒரு நல்ல அளவுகோல். பிசுபிசுப்பை வைத்து எது எது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள், போகட்டும்.

படி 3: அளவும் நேரமும்

ஆய்வகங்களில் சதுர செ.மீ.க்கு 2 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. நம் கட்டம் 25 சதுர செ.மீ., ஆக 50 மில்லிகிராம். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் 0.05 மி.லி. இழுத்தால் ஏறத்தாழ அதே அளவு. இது பார்க்க ரொம்பக் கொஞ்சமாக இருக்கும், ஆனால் நாம் அன்றாடம் தடவுவது பெரும்பாலும் இதைவிடவும் குறைவுதான். கெட்டியான கிரீமை சிரிஞ்சில் இழுக்க முடியாவிட்டால் பின்பக்கம் திறந்து அடைத்துக்கொள்ளலாம்.

காலை குளித்த பின்னும் இரவு படுக்கும் முன்னும் தடவுங்கள். ஒரு கட்டத்துக்கு ஒரு விரல், அடுத்ததற்கு வேறு விரல். வெறும் கட்டத்தையும் காய்ந்த சுத்தமான விரலால் அதே அளவு தேய்த்துவிடுங்கள், ஏனென்றால் தேய்ப்பதே செதிலைக் கொஞ்சம் எடுத்துவிடும்.

சோதனை முடியும்வரை காலில் வேறு கிரீம் கூடாது, ஷேவிங் கூடாது, வேக்சிங் கூடாது, பீர்க்கங்காய் நார் கூடாது. எண்ணெய்க் குளியலை விட முடியாதவர்கள் முழங்காலுக்குக் கீழே எண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்பை நடுவில் மாற்றாதீர்கள். தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரமும் காலில் எதுவும் தடவாமல் இருந்தால் தோலின் உண்மை நிலை தெரியும்.

படி 4: பார்ப்பது, தொடுவது, ஒட்டி எடுப்பது

மதிப்பெண் போடும் நேரம் முக்கியம். காலையில், குளிப்பதற்கு முன், இரவு தடவிப் பத்து மணி நேரமாவது ஆன பிறகு. நடந்து வியர்த்து வந்து உடனே பார்க்காதீர்கள். இருபது நிமிடம் அமைதியாக உட்காருங்கள். ஆய்வகங்களில் 20 முதல் 22 டிகிரி வெப்பமும் 40 முதல் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில் உட்காரவைத்துத்தான் அளப்பார்கள். நமக்கு ஒரே அறை, ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே நேரம் என்ற ஒழுங்காவது வேண்டும்.

0 முதல் 4 வரை மதிப்பெண். நகத்தால் லேசாகக் கீறினாலும் வெள்ளைக் கோடு விழவில்லை என்றால் 0. கீறினால் மட்டும் கோடு தெரிந்தால் 1. கீறாமலே சாம்பல் பூத்ததுபோல் இருந்து, விரலுக்குச் சொரசொரப்பும் தட்டினால் 2. செதில் எழும்பி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் 3. வெடிப்பு விட்டிருந்தால் 4. சின்ன வயதில் பனிக்காலத்தில் காலில் நகத்தால் கோடு போட்டு விளையாடியவர்களுக்கு இந்தச் சோதனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எரிச்சலுக்குத் தனிக் கணக்கு. இங்கே நம் தோல் நிறத்தை மனதில் வைக்க வேண்டும். வெளிநாட்டு அளவுகோல்கள் பலவும் "சிவந்திருக்கிறதா" என்று கேட்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் எரிச்சல் சிவப்பாகத் தெரியாமல் போகலாம். சுற்றியுள்ள இடத்தைவிடக் கருத்தோ, ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியும். சில நேரம் நிறமே மாறாது, தொட்டால் சூடாக மட்டும் இருக்கும். அதனால் அரிப்பு, எரிச்சல், தோல் இழுத்துப் பிடிப்பது என்று உணர்வுகளையும் எழுதுங்கள். புறங்கையை வைத்து ஒவ்வொரு கட்டத்தின் சூட்டையும் ஒப்பிடுங்கள். யூரியா அல்லது லாக்டிக் அமிலம் உள்ள கிரீம் வெடிப்பில் பட்டதும் சில நிமிடம் சுள்ளென்று இருக்கலாம். அது அடங்கிவிட்டால் கவலையில்லை, மணிக்கணக்கில் நீடித்தால் நிறுத்திவிடுங்கள்.

வாரம் ஒரு முறை செல்லோ டேப் சோதனை. தெளிவான டேப்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஒட்டி, விரலால் ஐந்து விநாடி ஒரே மாதிரி அழுத்தி, ஒரே இழுப்பில் உரித்துக் கறுப்புத் தாளில் ஒட்டுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் போனில் படம் எடுத்தால் செதில்கள் வெள்ளைப் பொடியாகத் தெரியும். ஆய்வகங்களில் இதற்கென்றே வட்ட வில்லை டேப் வைத்திருக்கிறார்கள், கொள்கை ஒன்றுதான். ஒரு பொறி இருக்கிறது: தோலில் எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் டேப் ஒட்டாது. செதில் குறைவாக வந்ததுபோல ஏமாற்றும். முந்தின இரவு தடவுவதை அன்றைக்கு மட்டும் விட்டுவிட்டு, காலையில் வெறும் தண்ணீரில் கழுவி, காய்ந்த பின் டேப் எடுங்கள். அன்றைய மதிப்பெண்ணையும் கழுவுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் விற்கும் பேனா வடிவ ஈரமானிகள் பற்றி ஒரு வார்த்தை. அவை மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்ப்பவை. வியர்வை உப்பும் லோஷனின் சொந்தத் தண்ணீரும் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆய்வகக் கருவிகளும் மின்னியல் முறையில்தான் ஈரத்தை அளக்கின்றன, ஆனால் அங்கே அறையும் நேரமும் கட்டுப்பாட்டில் இருக்கும். தோல் வழியே ஆவியாகும் நீரை அளக்கத் தனிக் கருவி உண்டு. அந்த வகைக் கருவிக்கு வழிபோட்டவர் ஸ்வீடனின் கெர்ட் நீல்சன், 1970களில். அது தோலில் லோஷன் மினுங்குகிறதா என்று கவலைப்படாது, சுவரில் எவ்வளவு கசிவு என்பதை மட்டும் சொல்லும். அந்த வசதி நமக்கு இல்லாததால்தான் அடுத்த இரண்டு படிகள் தேவைப்படுகின்றன.

படி 5: சோப்புச் சவால்

இரண்டு வாரம் தடவிய பிறகு, மூன்றாம் வாரத்தில் இடக்காலுக்கு மட்டும் ஒரு சோதனை. காலையில் தடவி நாலு மணி நேரம் கழித்து ஒரு முறை, மாலையில் ஒரு முறை, வீட்டில் குளிக்கும் அதே சோப்பைக் கையில் நுரைத்து மூன்று கட்டங்களிலும் ஒரு நிமிடம் மெல்லத் தேய்த்துக் கழுவி ஒற்றி எடுங்கள். வெறும் கட்டத்துக்கும் அதே மரியாதை. லோஷன் வழக்கம்போலத் தொடரட்டும். ஐந்து நாள் செய்யுங்கள். வலக்காலை இதில் சேர்க்க வேண்டாம்.

கட்டி சோப்பின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், பொதுவாக 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ அமிலப் பக்கம், 5ஐ ஒட்டி இருக்கும். சோப்பு அழுக்கோடு சாந்தையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். ஐந்து நாளில் வெறும் கட்டத்தின் மதிப்பெண் ஏறும். லோஷன் போட்ட கட்டம் எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவுதான் அதன் காப்பு. எரிச்சலோ வெடிப்போ தெரிந்தால் ஐந்து நாளுக்குக் காத்திருக்காமல் நிறுத்துங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, துணி சோப்பு, பிளீச்சிங் எதையும் இதற்கு எடுக்காதீர்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரை தரும் பொருளின் கரைசலைத் தோலில் ஒட்டி எரிச்சல் உண்டாக்கிப் பார்ப்பது மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் வேலை, வீட்டு வேலை அல்ல.

லோஷன் என்றாலே பாதுகாப்பு என்று நம்புகிறவர்களுக்கு பிரிட்டனில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே வறண்ட தோலுக்குப் பல்லாண்டுகளாகப் பரிந்துரைத்து வந்தது "அக்வஸ் கிரீம்" என்ற மலிவான வெள்ளைக் கிரீம். அதில் ஏறத்தாழ 1 சதவீதம் சோடியம் லாரில் சல்ஃபேட் இருந்தது, அதாவது எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க ஆய்வகங்கள் பயன்படுத்தும் அதே பொருள். 2010இல் வெளியான பாத் பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான தோலில் நான்கு வாரம் தடவியபோது மேலடுக்கு மெலிந்து நீரிழப்பு கூடியது தெரிந்தது. 2013இல் பிரிட்டனின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு, எக்சிமா உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இது எரிச்சல் தரலாம் என்று எச்சரித்தது. தடவும்போது அந்தக் கிரீம் வழவழப்பாகத்தான் இருந்தது. எதிர்ப்பக்கத்தில், 5 சதவீத யூரியா கிரீம்களைச் சில வாரம் தடவிய தோல் அதே சல்ஃபேட்டின் தாக்குதலை நன்றாகத் தாங்கியது என்று ஸ்வீடனில் மரீ லோடேன் 1990களில் காட்டினார்.

படி 6: நிறுத்திவிட்டுப் பார்ப்பது

மூன்றாம் வாரம் முடிந்ததும் லோஷனை அடியோடு நிறுத்திவிட்டு, வலக்காலை மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து வாருங்கள். வெறும் கட்டத்தின் அளவுக்கு மற்றவையும் வறள எத்தனை நாள் ஆகிறது? இரண்டே நாளில் பழைய நிலைக்கு வந்தால் அந்த லோஷன் மேலே உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தால் தோலுக்குள்ளேயே ஏதோ சீராகியிருக்கிறது. மேலடுக்கு முழுவதும் உதிர்ந்து புதிதாக வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். ஆகவே இந்தப் படிக்கும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

இந்த யோசனை 1978இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேன் எழுதியது. பெண்களின் வறண்ட கால்களில் சில வாரம் தடவவைத்து, நிறுத்திய பிறகு என்னவாகிறது என்று பார்த்தார். முறை நல்ல முறை, இன்றும் நடப்பில் இருக்கிறது. அதே கிளிக்மேன்தான் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1974 வரை கைதிகளின் தோலில் இருபதாண்டுக்கும் மேலாகச் சோதனைகள் நடத்தியவர். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அதற்காக அந்த நகர நிர்வாகம் 2022இல் மன்னிப்புக் கேட்டது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் கையில் "இதைத் தடவிப் பாரேன்" என்று புது லோஷனைக் கொடுப்பதற்கு முன் இது நினைவுக்கு வரட்டும். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் சோதனை கேட்கக் கூடாது.

கணக்குப் பார்ப்பது

ஒவ்வொரு கட்டத்தையும் அதன் முதல் நாள் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு மாற்றத்தைக் குறியுங்கள். பிறகு வெறும் கட்டத்தின் மாற்றத்தை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது லோஷனின் வேலை. இரண்டு லோஷன்களுக்கும் இடையே ஒரு மதிப்பெண்கூட வித்தியாசம் இல்லாவிட்டால் சமம் என்றே எழுதுங்கள். அரை மதிப்பெண்ணை வைத்து வெற்றி தோல்வி சொல்ல இந்தச் சோதனைக்குத் துல்லியம் போதாது. மடித்து வைத்த தாளைத் தீர்ப்பை எழுதிய பிறகு பிரியுங்கள். சமமாக வந்தால் கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள், மலிவானது உங்களுடையது.

இந்த முடிவு உங்கள் தோலுக்கும் உங்கள் ஊர்க் காற்றுக்கும் மட்டுமே பொருந்தும். ஐப்பசி மழையில் சென்னையில் போதுமாக இருந்த மெல்லிய லோஷன் தை மாத ஊட்டியிலோ, நாள் முழுக்க ஏசி ஓடும் அலுவலகத்திலோ போதாமல் போகலாம்.

எண்ணெய்களையும் இதே கட்டங்களில் வைத்துச் சோதிக்கலாம். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 2014இல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில், எக்சிமா உள்ள குழந்தைகளுக்கு மினரல் ஆயிலைவிட, பச்சைத் தேங்காயிலிருந்து எடுக்கும் விர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. ஆலிவ் எண்ணெயோ 2013இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் தோலின் காப்பைக் குறைத்தது, சூரியகாந்தி எண்ணெய் குறைக்கவில்லை. விலையை வைத்து எண்ணெயை மதிப்பிடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

பெட்ரோலியம் ஜெல்லியோ பாரஃபின் கலந்த கிரீமோ தேர்ந்தெடுத்தால் ஓர் எச்சரிக்கை. அது ஊறிய துணி தீப்பிடித்தால் வேகமாகப் பரவும். சாதாரணத் துவைப்பில் முழுதாகப் போவதும் இல்லை. காலில் தடவிய பின் அதே சேலையோடும் நைட்டியோடும் அடுப்படியில் நிற்பவர்கள் கவனமாக இருங்கள். எந்தக் கட்டத்திலாவது கொப்புளம், நீர்க்கசிவு, கட்டத்தைத் தாண்டிப் பரவும் அரிப்பு வந்தால் நோட்டை மூடிவிட்டு, உட்பொருள் பட்டியலின் படத்தோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை அவர்களிடம் இருக்கிறது, அதற்கு உங்கள் படம் உதவும்.